மலையேறும் பைக்குக்கு எத்தனை யூனிட் வேண்டும்?

கேள்வி:

எனக்கு வயது 29. வீடு நாவலப்பிட்டி, வேலை கண்டியில். தினமும் ரயிலையும் பஸ்ஸையும் பார்த்துக் காத்து நிற்பது போதும் என்றாகிவிட்டது. 2022 இல் பெற்றோல் செட்டில் இரவெல்லாம் வரிசையில் நின்றதையும் மறக்க முடியவில்லை. அதனால் மின்சார பைக் ஒன்று வாங்க முடிவெடுத்திருக்கிறேன். லீவு நாட்களில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு அட்டன், நுவரெலியா பக்கம் போய்வர ஆசை. அவருடைய ஊர் யாழ்ப்பாணம். வருடத்துக்கு ஒரு தடவையாவது அங்கேயும் பைக்கிலேயே போக முடியுமா?

பார்த்த கடையில் எல்லாம், “ஒரு தடவை சார்ஜ் போட்டால் 150 கிலோமீற்றர் ஓடும்” என்கிறார்கள். ஒருவர் “கிராஃபீன் பேட்டரி, லித்தியத்தைவிட நல்லது” என்கிறார். இன்னொருவர், “இதற்கு லைசென்ஸே தேவையில்லை” என்கிறார். பெடல் மிதிக்கிற மின்சார சைக்கிள் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

– வாசகர், நாவலப்பிட்டி

பதில்:

அன்புத் தம்பி,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். லித்தியம் பேட்டரி உள்ள வண்டியாகப் பாருங்கள். வேலையிடத்தில் சார்ஜ் போட வழியிருந்தால் 3 யூனிட் கொள்ளும் பேட்டரி போதும், வழியில்லையென்றால் 4 யூனிட் வேண்டும். மோட்டார் தொடர்ந்து 3 கிலோவாட் தரக்கூடியதாகவும், முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ளதாகவும் இருக்கட்டும். பதிவுப் புத்தகம் கைக்கு வரவேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது உங்கள் ஊர்ப் பாதைக்கான வண்டியல்ல. நாளை வேறொரு கடையில் வேறொரு வண்டியைக் காட்டினாலும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் காரணங்களை விரிவாக எழுதுகிறேன்.

கிலோமீற்றரை விடுங்கள், யூனிட்டைக் கேளுங்கள்

மின்சார பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. பேட்டரியின் கொள்ளளவும் அதே அளவில்தான் சொல்லப்படுகிறது. கடைக்காரர் வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் மட்டும் சொன்னால் இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துவிடுங்கள். 72 வோல்ட், 20 ஆம்பியர் மணி என்றால் 1.44 யூனிட். 72 வோல்ட், 50 ஆம்பியர் மணி என்றால் 3.6 யூனிட். ஒரே பெயரில் வரும் வண்டிக்குள்ளேயே இது மாறும். தமிழ்நாட்டு ஓசூரில் தயாராகும் ஏதர் 450 எக்ஸ், 2.9 யூனிட்டிலும் 3.7 யூனிட்டிலும் வந்திருக்கிறது. அதே ஓசூரின் டி.வி.எஸ். ஐகியூப் 2.2 யூனிட்டில் தொடங்கி 5 யூனிட்டைத் தாண்டும் வரை பல அளவுகளில் வருகிறது. பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டால், எதை வாங்கப்போகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

150 கிலோமீற்றர் என்பது முழுப் பொய்யல்ல. தட்டையான பாதை, ஒற்றை ஆள், நிதான வேகம், புதுப் பேட்டரி, இந்த நான்கும் கூடினால் பெரிய பேட்டரி உள்ள வண்டி அவ்வளவு ஓடும். ஆனால் வேகம் கூடக்கூட காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஆளோடு சேர்த்து 180 கிலோ வரும் ஒரு ஸ்கூட்டருக்கு நான் போட்ட கணக்கு இது. தட்டையான பாதையில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போனால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சுமார் 26 வாட் மணி செலவாகும். வேகம் 50 ஆனால் செலவு 36, வேகம் 60 ஆனால் 48. அதாவது 4 யூனிட் பேட்டரி, 40 இல் போகிறவரை 150 கிலோமீற்றர் கொண்டுபோய்விடும். அதே பேட்டரியோடு 60 இல் போகிறவர் 83 கிலோமீற்றரில் நின்றுவிடுவார். பயணத்தை நீட்டவும் குறைக்கவும் உங்கள் வலது கைக்கு இருக்கும் அதிகாரம் வேறு எதற்கும் இல்லை.

ஏற்றம் கேட்கும் விலை

நாவலப்பிட்டி ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 580 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அட்டன் நிலையம் சுமார் 1,260 மீற்றர். கினிகத்தேனை, வட்டவளை வழியாக சுமார் 35 கிலோமீற்றர் போவதற்குள் வண்டி 680 மீற்றர் ஏறியாக வேண்டும். 180 கிலோவை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால், சுமார் 0.4 யூனிட் தேவை. 35 கிலோமீற்றர் உருண்டு போவதற்கான 0.8 யூனிட்டை அதோடு கூட்டினால் ஒற்றை ஆள் அட்டன் போய்ச்சேர 1.2 யூனிட் ஆகிறது. மனைவியும் ஏறினால் கிட்டத்தட்ட 1.5. திரும்பி இறங்கும்போது செலவு குறைவு, அரை யூனிட் அளவில் முடியும். ஆக இருவரும் அட்டன் போய்வர 2 யூனிட் வேண்டும்.

நுவரெலியா இதைவிடக் கடினம். கம்பளைக்கு இறங்கி, புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறும் ஏ5 பாதையில் சுமார் 1,400 மீற்றர் உயர வேண்டியிருக்கிறது. தனியாகப் போனாலே ஏறிமுடிக்க 2.7 யூனிட் அளவில் போய்விடும். அங்கே சார்ஜ் போட இடம் பார்த்துவைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

உங்கள் அன்றாடப் பாதையான கண்டி வேறு வகை. கம்பளை, பேராதனை வழியாகப் போக சுமார் 38 கிலோமீற்றர். இரண்டு ஊருக்கும் உயர வித்தியாசம் நூறு மீற்றருக்குள்தான். மணிக்கு 45 கிலோமீற்றர் அளவில் போய்வந்தால், கண்டி டவுன் நெரிசலில் நின்று நின்று போவதையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 2.6 யூனிட் ஆகும்.

இந்த 2.6 ஐ அப்படியே கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பேட்டரி சில வருடங்களில் எண்பது வீதக் கொள்ளளவுக்கு இறங்கும், அன்றைக்கும் நீங்கள் வேலைக்குப் போய்வர வேண்டும். மழை, மாற்றுப்பாதை, அவசர வேலை என்று தினமும் ஒரு பதினைந்து வீதம் கையிருப்பும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்க்க ஒரு சுலபமான வழி உண்டு. தேவையான யூனிட்டை 0.68 ஆல் வகுத்துவிடுங்கள். 2.6 க்கு 3.8 வருகிறது. 4 யூனிட் என்று நான் சொன்னது இதனால்தான். வேலையிடத்தில் சார்ஜ் போட முடிந்தால் ஒற்றை வழிக்கான 1.3 யூனிட் மட்டுமே பேட்டரியின் பொறுப்பு. அப்போது உங்கள் பெரிய தேவை அட்டன் பயணத்தின் 2 யூனிட்டாக மாறும். அதை வகுத்தால் 2.9, அதாவது 3 யூனிட். எனவே கடைக்குப் போவதற்கு முன் உங்கள் மேலதிகாரியிடம் ஒரு பிளக் பொயின்ட் கேட்டுப் பாருங்கள். அவர் சம்மதித்தால் பேட்டரியில் ஒரு யூனிட்டுக்கான பணம் மிச்சம்.

மோட்டாரின் உண்மையான பலம்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது உச்ச சக்தி. சில வினாடிகளுக்கு மட்டும் மோட்டார் தரக்கூடியது அது. உங்களுக்கு வேண்டியது தொடர் சக்தி, அதாவது சூடேறி அடங்கிப்போகாமல் அரை மணி நேரம் இழுக்கும் பலம். நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் உயரும் ஒரு ஏற்றத்தில் ஒற்றை ஆளோடு மணிக்கு 30 கிலோமீற்றரில் போக, சக்கரத்தில் சுமார் 1.5 கிலோவாட் வேண்டும். இருவர் என்றால் 2 கிலோவாட்டை நெருங்கும். 1,000 வாட், 1,200 வாட் மோட்டாரும் ஏறத்தான் செய்யும். ஆனால் தன் அளவுக்கு மேல் உழைத்துக்கொண்டே ஏறும். சற்று நேரத்தில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர், மோட்டாரைக் காப்பாற்றச் சக்தியைக் குறைத்துவிடும். பின்னால் பஸ் ஹோன் அடித்துக்கொண்டிருக்க, முன்னால் வளைவு இருக்க, வண்டி நடை வேகத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் 3 கிலோவாட் தொடர் சக்தி என்று அழுத்திச் சொல்கிறேன்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பின் சக்கரத்தின் நடுவிலேயே பொருத்தியிருந்தால் அது ஹப் மோட்டார். அமைப்பு எளிமையானது, பராமரிப்பும் குறைவு. ஆனால் பல்சக்கரம் இல்லாத ஹப் மோட்டார், மெதுவாக நீண்ட ஏற்றம் ஏறும்போது மின்சாரத்தில் பெரும் பங்கைச் சூடாக மாற்றிவிடும். மோட்டாரை நடுவில் வைத்து பெல்ட்டிலோ சங்கிலியிலோ சக்கரத்தைச் சுற்றும் வண்டிகளில் மோட்டார் வேகமாகச் சுழல முடிகிறது, அதனால் ஏற்றத்தில் குறைவாகச் சூடேறும். மலைநாட்டுக்கு இரண்டாவது வகையே பொருத்தம்.

கிராஃபீன் என்ற பெயரில்

கடையில் “கிராஃபீன் பேட்டரி” என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஈய அமில பேட்டரிகள்தாம். ஈயத் தகட்டில் கரிமப் பொருள் சேர்த்திருப்பார்கள், அதனால் ஆயுள் கொஞ்சம் கூடலாம். அடிப்படை அதே ஈயம்தான். அதே கொள்ளளவுக்கு லித்தியத்தைவிட எடை பல மடங்கு. முந்நூறு, நானூறு தடவை முழுதாக இறக்கி ஏற்றியதும் தளர்ந்துவிடும். மலையில் இன்னொரு குறையும் சேர்கிறது. ஈய பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வேகமாக உறிஞ்சினால் எழுதியிருக்கும் கொள்ளளவு கிடைக்காது. ஏற்றத்தில் வோல்ட் சரிந்து, சார்ஜ் மிச்சமிருக்கும்போதே வண்டி நின்றுவிடும். 1.44 யூனிட் என்று எழுதிய பேட்டரி, 1.2 யூனிட் கேட்கும் அட்டன் பாதையில் உங்களை வழியிலேயே விட்டுவிடும். டவுனுக்குள் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வருகிறவருக்கு மலிவான ஈய பேட்டரி வண்டி உதவலாம். உங்களுக்கு அது வேண்டாம்.

லித்தியத்தில் இரண்டு குடும்பங்கள் உண்டு. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது எடை குறைவானது, அதே இடத்தில் அதிக மின்சாரம் கொள்ளும். லித்தியம் அயன் பொஸ்பேட் சற்றுக் கனமானது. ஆனால் சூட்டைத் தாங்கும், தீப்பிடிக்கும் வாய்ப்புக் குறைவு, இரண்டாயிரம் தடவைக்கு மேலும் சார்ஜ் தாங்கக்கூடியது. தினமும் ஓடி, தினமும் சார்ஜ் போடும் உங்களுக்கு இரண்டும் ஒரே அளவில் கிடைத்தால் பொஸ்பேட்டை எடுங்கள்.

தீ பற்றிய பயம் நியாயமானது. 2022 இன் முதல் மாதங்களில் இந்தியாவில் பல மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்தன. அதன் பிறகு அந்நாட்டு அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்திய வண்டி வாங்கினால் அந்தத் தேதிகளுக்குப் பின் தயாரானதா என்று கேளுங்கள். எந்த நாட்டு வண்டியானாலும் பேட்டரி உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை வருடம், எத்தனை கிலோமீற்றர், கொள்ளளவு எத்தனை வீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இறக்கத்தில்தான் ஆபத்து

எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்கிறார்கள். நான் கூடுதலாகக் கவலைப்படுவது இறக்கத்தைப் பற்றி. சிவனொளிபாதமலை ஏறும்போது மூச்சு வாங்கும், முழங்கால் போவது இறங்கும்போதுதான். வண்டிக்கும் அப்படியே. பெற்றோல் மோட்டார் சைக்கிளில் கியரைக் குறைத்து என்ஜினைக்கொண்டே வேகத்தைப் பிடித்துவைக்கலாம். மின்சார ஸ்கூட்டரில் கியர் இல்லை. மோட்டாரே டைனமோவாக மாறிப் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் வசதி நல்ல வண்டிகளில் உண்டு, அது வேகத்தையும் பிடித்துவைக்கும். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை. எனவே முழு சார்ஜில் பல வண்டிகளில் இந்தப் பிடிப்பு வேலை செய்யாது. அட்டனில் நூறு வீதம் ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை வளைவுகளில் இறங்கினால் முழுப்பாரமும் பிரேக் கட்டையில் விழும். உயரத்திலிருந்து இறங்கப் புறப்படும்போது தொண்ணூறு வீதத்தில் சார்ஜை நிறுத்திவிடுங்கள்.

இறக்கத்தில் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தைப் பெரிதாக எண்ண வேண்டாம். ஏறியதில் பத்தில் ஒரு பங்கு திரும்பினாலே நல்லது. அதன் உண்மையான பயன் பிரேக் காக்கப்படுவதுதான். இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக் மட்டும் உள்ள வண்டி நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடி தளரும். முன் சக்கரத்தில் டிஸ்க் கட்டாயம். சக்கரம் 12 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் குழி விழுந்த பாதையில் தடுமாறாது.

மழை, சார்ஜ், வீட்டு வயரிங்

வட்டவளையும் கினிகத்தேனையும் இலங்கையிலேயே மழை மிகுந்த இடங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை நனையாமல் ஓட்ட முடியாது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் ஐ.பி. 67 தரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். அதற்காக வெள்ளத்துக்குள் ஓட்டலாம் என்று எண்ணிவிடாதீர்கள். சேர்விஸ் நிலையத்தில் வேகமாக நீர் பீச்சிக் கழுவவும் விடாதீர்கள், இணைப்புகளுக்குள் நீர் புகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டுப் பாதைகள் மண்சரிவில் துண்டானதைப் பார்த்தோம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் கரண்ட் போகும் முன்பே சார்ஜை ஏற்றிவையுங்கள். ஆபத்து நேரத்தில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு வெளியேற அதுவே துணை.

சார்ஜரின் அளவையும் கேளுங்கள். 750 வாட் சார்ஜரில் 4 யூனிட் பேட்டரி முழுதாக நிறைய சுமார் ஆறு மணி நேரம் ஆகும். 400 வாட் சார்ஜர் என்றால் விடிய விடியப் போட வேண்டும். பேட்டரியைக் கழற்றி எடுக்க முடியாத வண்டியானால், நிறுத்தும் இடத்திலேயே பிளக் வேண்டும். மின்கம்பியில் எர்த் இருக்கிறதா, டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மின்சார வேலை தெரிந்த ஒருவரை அழைத்து முதலில் பாருங்கள். பழைய வீடுகளிலும் தோட்டத்து லயங்களிலும் ஒரே கம்பியில் பல இணைப்பு எடுத்திருப்பார்கள். அங்கே மல்டி பிளக்கில் பைக்கை மாட்டி இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. நீண்ட ஏற்றம் ஏறிவந்தால் அரை மணி நேரம் பேட்டரியை ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.

செலவுக் கணக்கு இப்படி வரும். மாதம் 25 நாள் கண்டி போய்வந்தால் 1,900 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் வண்டிக்கு 42 லீற்றர் வேண்டும். மின்சார பைக்குக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 73 யூனிட் வேண்டும். அந்த 73 யூனிட் உங்கள் பில்லின் மேல்படியில்தான் போய்ச் சேரும். மாதம் 60 யூனிட்டுக்குள் இருந்த வீடு அதைத் தாண்டினால் முழு பில்லும் வேறு கட்டண வகைக்கு மாறும். எனவே இப்போதைய பில்லோடு 73 ஐக் கூட்டி, புதுத் தொகையைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு இலாபத்தை மதிப்பிடுங்கள்.

பணத்துக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. டொலர் இல்லாததால் நின்றுபோன நாடு இது. நம் மின்சாரத்திலும் நுரைச்சோலையின் இறக்குமதி நிலக்கரிக்குப் பங்கு உண்டுதான். ஆனால் இன்னொரு பங்கு கொத்மலையிலும் லக்ஷபானவிலும் நம் மலைகளின் நீரிலிருந்து வருகிறது. அந்த நீர் ஓடும் மலைகளில் வாழ்கிற ஒரு இளைஞர், கப்பலில் வரும் எரிபொருளை நம்பாமல் வேலைக்குப் போய்வருவது நல்ல காரியம். அந்த எண்ணத்தை ஒரு தவறான வண்டி கெடுத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

பெடல் சைக்கிள் போதுமா?

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. பெடலோடு கூடிய மின்சார சைக்கிளில் பேட்டரி பெரும்பாலும் அரை யூனிட்தான். ஆனால் எடை இருபத்தைந்து கிலோவுக்குள், கூடவே உங்கள் காலும் உழைக்கிறது. மனிதர் ஒருவர் இரண்டு மணி நேரம் நிதானமாக மிதித்தால் 0.2 யூனிட் அளவில் தன் பங்காகத் தருவார். மோட்டார் பெடலின் அச்சில் பொருத்தியிருந்து, பின்னால் கியரும் இருந்தால், சின்னக் கியரில் நல்ல ஏற்றங்களும் ஏறலாம். பேட்டரியைக் கையோடு கழற்றிக்கொண்டுபோய், சாப்பிட நிற்கும் இடத்திலேயே சார்ஜ் கேட்கலாம். உடலுக்கும் நல்லது. ஆனால் தினமும் 76 கிலோமீற்றர், அதுவும் கண்டி வீதியின் பஸ்களுக்கு நடுவில், மூன்றரை மணி நேரம் மிதித்துவிட்டு வேலையும் பார்ப்பது நடைமுறைக்கு வராது. மனைவியை ஏற்றவும் முடியாது. பயணமே நோக்கமாக இருக்கும் ஒருவருக்கு அது அருமையான வண்டி. உங்கள் தேவை வேறு.

யாழ்ப்பாணம் போகலாம், ஒரே நாளில் அல்ல

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதி 321 கிலோமீற்றர். நாவலப்பிட்டியிலிருந்து என்றால் சுமார் 360. 4 யூனிட் பேட்டரியில் கையிருப்பு போக 3.4 யூனிட் செலவழிக்கலாம். தனியாக மணிக்கு 45 கிலோமீற்றரில் போனால் ஒரு தடவைக்கு சுமார் 110 கிலோமீற்றர். எனவே பயணத்தைத் தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று பிரிக்க வேண்டும். மாத்தளைக்கு முன்னே பலகடுவ மலை தவிர, தம்புள்ளை வரை மொத்தத்தில் இறக்கம்தான். அதற்குப் பிறகு தட்டை, ஆனால் வெயிலும் எதிர்க்காற்றும் உண்டு. முதல் நாள் தம்புள்ளையில் ஐந்து மணி நேரம் ஏற்றிக்கொண்டு மாலைக்குள் வவுனியா. இரவு அங்கே தங்கிச் சார்ஜ். மறுநாள் சுமார் 140 கிலோமீற்றர், நடுவில் கிளிநொச்சியில் இரண்டு மணி நேரம் மேல்சார்ஜ். இருவராகப் போனால், சுமையும் சேர்ந்தால், ஒவ்வொரு கட்டத்தையும் தொண்ணூறு கிலோமீற்றருக்குள் சுருக்குங்கள். திரும்பும்போது தம்புள்ளையிலிருந்து கண்டிக்கு ஏற வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வழியில் கார்களுக்காக இருக்கும் வேக சார்ஜ் நிலையங்களை நம்பிப் புறப்படாதீர்கள். அவற்றின் பிளக் பெரும்பாலான பைக்குகளுக்குப் பொருந்தாது. கையோடு எடுத்துப்போகும் சார்ஜர் உள்ள வண்டிதான் தூரப் பயணத்துக்கு ஏற்றது. தங்குமிடங்களுக்கு முன்கூட்டியே போன் செய்து, சார்ஜ் போடலாமா என்று கேட்டு, அதற்கான காசையும் பேசிக்கொள்ளுங்கள். இருட்டிய பின் ஏ9 இல் ஓட்டாதீர்கள். வீதியில் படுத்திருக்கும் மாடுகளும், தம்புள்ளைக்கு வடக்கே காட்டை ஒட்டிய இடங்களில் யானைகளும் ஆபத்து.

வருடத்தில் ஒரு தடவை போகும் இந்தப் பயணத்துக்காகப் பத்து யூனிட் பேட்டரி வண்டி தேட வேண்டாம். இந்தியாவின் அல்ட்ராவயலெட் எஃப்77 போன்ற வண்டிகளில் அவ்வளவு பெரிய பேட்டரி உண்டு, விலையும் அதற்கேற்ப. தினமும் போகும் பாதைக்கு வண்டியை வாங்குங்கள். எப்போதாவது போகும் பாதைக்குப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

“லைசென்ஸ் வேண்டாம்” என்று சொல்லி விற்கும் வண்டியை விட்டு விலகுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகி, இலக்கத்தகடும் உங்கள் பெயரில் பதிவுப் புத்தகமும் வரும் வண்டியே வேண்டும். இந்தியாவில் 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீற்றருக்குள் ஓடும் சின்ன ஸ்கூட்டர்களுக்கு அப்படியொரு சலுகை உண்டு. அந்த வேகமும் பலமும் உங்கள் மலைக்குப் போதாது, அந்தச் சட்டமும் நம் நாட்டுச் சட்டமல்ல. பதிவில்லாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் கிடைக்காது. ஒரு விபத்து நடந்தால் எல்லாம் உங்கள் தலையில் விழும்.

பழுது பார்க்கும் இடம் கண்டியிலாவது இருக்கிறதா, கொன்ட்ரோலரும் சார்ஜரும் கையிருப்பில் வைத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஊர் மெக்கானிக் டயரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்வார். ஆனால் பேட்டரிப் பெட்டியைத் திறக்க அதற்கான பயிற்சியும் கருவியும் வேண்டும்.

கடைசியாக ஒரு பரீட்சை. கடைக்காரர் கண்டியின் சமதரையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார், அதோடு திருப்திப்படாதீர்கள். மனைவியையும் அழைத்துக்கொண்டு, நாவலப்பிட்டி பஸ் நிலையத்திலிருந்து கினிகத்தேனை தாண்டி வட்டவளை ஏற்றம் வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். புறப்படும்போது சார்ஜ் எத்தனை வீதம், போய்ச் சேர்ந்தபோது எத்தனை வீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் வேகம் 30 க்குக் கீழே இறங்குகிறதா, சக்தி குறைப்பு எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது இரண்டு பிரேக்கும் கடைசி வளைவிலும் முதல் வளைவில் பிடித்ததுபோலவே பிடிக்கின்றனவா என்று கவனியுங்கள். அந்த ஓட்டம் உங்களுக்குச் சொல்வதை எந்த விளம்பரமும் சொல்லாது. அதற்குச் சம்மதிக்கும் கடையில் வாங்குங்கள். சம்மதிக்காத கடையில், விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்க வேண்டாம்.